பாரிமுனை, ஜார்ஜ் டவுன்: ஒரே நாளில் நடந்து பார்க்க எங்கே தொடங்கலாம்?

கொங்கு_வாசகி

வணக்கம். ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை வருகிறேன். கல்யாணம் முடிந்து ஒரு நாள் முழுக்க என் கையில் இருக்கிறது. மயிலாப்பூரும் கோட்டை மியூசியமும் பார்த்தாயிற்று. இந்த முறை ஜார்ஜ் டவுனுக்குள் நடக்க ஆசை. யாரைக் கேட்டாலும் "அங்கே என்ன இருக்கு? ஒரே நெரிசல். போனால் ஞாயிற்றுக்கிழமை போ" என்கிறார்கள். கூட அம்மா வருகிறார், முழங்கால் வலி உண்டு. எந்தக் கிழமை போவது, எங்கிருந்து தொடங்குவது? மேப்பில் எல்லாத் தெருவும் ஒரே மாதிரி தெரிகிறது.

கோடவுன்தெரு_கணக்கர்

கோடவுன் தெரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதியே ரிட்டயர் ஆனவன் நான். பேச்சில் கொஞ்சம் பாசம் தூக்கலாக இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஞாயிறு வேண்டாம் அம்மா. டவுனைக் கட்டியதே வியாபாரம். ஷட்டர் இறக்கிய தெருவில் அதை எப்படிப் பார்ப்பீர்கள்? வார நாளில் காலை எட்டு மணிக்கு வந்துவிடுங்கள். பத்தரைக்கு மேல் தள்ளுவண்டியும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியும் வழியை அடைத்துவிடும்.

உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கி, முதலில் ஹைகோர்ட்டைப் பாருங்கள். 1892-ல் முடிந்த சிவப்புக் கட்டடம், உச்சியில் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. ஆனால் அது நிற்கிற மண்ணில்தான் விஷயமே இருக்கிறது. பழைய கறுப்பர் பட்டணம், அதாவது நம் ஜனங்கள் குடியிருந்த ஊர், இருந்தது அங்கேதான், கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது கொஞ்சம் வீடுகள் இடிபட்டன. 1749-ல் ஊரைத் திரும்ப வாங்கிய ஆங்கிலேயர்கள் மிச்சத்தையும் இடித்துவிட்டார்கள். அடுத்த தடவை எதிரி வந்தால் வீட்டுச் சுவர் மறைவில் நின்று கோட்டையைச் சுடுவானே! பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டும், அவ்வளவுதான். குடியிருந்தவர்கள் வடக்கே போனார்கள், இன்றைய டவுன் உண்டானது.

"இந்த எல்லைக்குள் கட்டாதே" என்று 1773-ல் தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று இன்னும் பாரிமுனை டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக நிற்கிறது. பாரிமுனை சிக்னலில் நிற்பவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. அதைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தால் தெருக்கள் ஏன் அங்கே தொடங்குகின்றன என்பது தானாகவே புரியும்.

அடுத்து பூக்கடை, பட்டணம் கோயில். சென்ன கேசவப் பெருமாளும் சென்ன மல்லீஸ்வரரும் பக்கத்துப் பக்கத்தில். இடிபட்ட ஊரில் இருந்த கோயிலுக்குப் பதிலாக, மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று எழுப்பியது. ஆக, சாமியும் சனத்தோடு வீடு மாறியவர்தான்.

அர்மேனியன் தெருவை விட்டுவிடாதீர்கள். 1772-ல் கட்டிய சர்ச், காலையிலேயே போய்விடுவது நல்லது. தரையெல்லாம் கல்லறைக் கற்கள், அர்மேனிய எழுத்து வெட்டியவை. உலகத்தின் முதல் அர்மேனியப் பத்திரிகையை 1794-ல் இதே சென்னையில் அச்சடித்த பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறையும் அங்கே உண்டு. வெளியே ஹாரன் காதைப் பிளக்கும். கேட்டைத் தாண்டினால் பேச்சை நாமே தணித்துக்கொள்வோம்.

அப்புறம் எங்கள் கோடவுன் தெரு. பழைய கடைகளில் நாற்காலி கிடையாது. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை, சாய்ந்துகொள்ளத் திண்டு. வெளியூர் வியாபாரி செருப்பை வாசலில் விட்டுவிட்டுச் சம்மணம் போட்டு உட்காருவார். கடைப் பையன் பீஸை ஒரு வீசு வீசினால் அது அவர் மடி வரை உருண்டு விரியும். அவர் வாயைத் திறக்க மாட்டார். ஓரத்து நூலைக் கட்டைவிரலால் நெருடிப் பார்ப்பார். "இது வேண்டாம்" என்றால் விலை பேசத் தயார் என்று அர்த்தம், "நல்லாயிருக்கு" என்றால் எழுந்து போகப் போகிறார் என்று அர்த்தம்! வேடிக்கை பார்த்தால் யாரும் விரட்ட மாட்டார்கள், வாசலை மட்டும் மறிக்காதீர்கள். "ஓரம், ஓரம்" என்று குரல் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் ஒதுங்குங்கள், முதுகில் பேலோடு, அதாவது துணி மூட்டையோடு, வருபவரால் சட்டென்று நிற்க முடியாது.

நடக்கும்போது கண் மாடியில் இருக்கட்டும். ஃப்ளெக்ஸ் பலகைக்கு மேலேதான் பழைய மரக் கைப்பிடி, சுதை வேலைப்பாடெல்லாம் பிழைத்துக் கிடக்கின்றன.

ராயபுரம்_ரயில்

கணக்கர் ஐயா சொல்வது அவருக்குச் சரி, முழங்கால் வலிக்காரருக்குச் சரியா? பேல் சுமக்கிறவர் நடுவில் வயதானவர் எப்படி ஒதுங்குவார்? என்னைக் கேட்டால் ஞாயிறு காலைதான். தம்பு செட்டித் தெரு காளிகாம்பாள் கோயில் வரை ஆட்டோவே போகும். 1677-ல் சிவாஜி வந்து கும்பிட்டுப் போனதாகக் கோயிலில் சொல்வார்கள், பாரதியாரும் வந்த சன்னதி. சாயங்காலம் செகண்ட் லைன் பீச் பக்கம் பர்மா அத்தோ சாப்பிடுங்கள். பர்மாவிலிருந்து திரும்பிய நம் ஜனங்கள் கொண்டுவந்த சாப்பாடு.

கொங்கு_வாசகி

இருவருக்கும் நன்றி. எனக்குக் கடைத்தெருவைத்தான் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. நடுவில் அம்மா உட்கார இடம் கிடைக்குமா?

கோடவுன்தெரு_கணக்கர்

ரயில் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது, நான் என் காலை வைத்தே பேசிவிட்டேன். வார நாளே இருக்கட்டும், அம்மாவைக் கந்தகோட்டத்தில் உட்கார வையுங்கள். ராசப்ப செட்டித் தெரு கோயில், உள்ளே மண்டபமும் குளமும் உண்டு. வள்ளலார் "ஒருமையுடன் நினது திருமலரடி" பாடியது இந்த முருகனைத்தான். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் கோடவுன் தெருவையும் ஆண்டர்சன் தெருக் கல்யாணப் பத்திரிகைக் கடைகளையும் பதினொன்றரைக்குள் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். திரும்பும்போது மண்ணடி மெட்ரோவோ உயர் நீதிமன்றமோ, அம்மாவுக்கு ஆட்டோ எதற்குச் சுலபமாகக் கிடைக்கிறதோ அது. வெயில் நாளாக இருந்தால் பட்டணம் கோயிலை முதலில் வைத்துக்கொள்ளுங்கள், தூண் எங்கேயும் ஓடிப்போகாது.