பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: வைஃபையும் பாமினி கோப்புகளும், உதவி தேவை

காரைக்குடி, தேவகோட்டை பக்கத்து நண்பர்களுக்கு வணக்கம்.

ஊர்க்கோயில் புள்ளி வரிக் (குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் கோயில் வரி) கணக்கு இருக்கிற லேப்டாப் இது. ஐந்தாம் தலைமுறை இன்டெல் ஐ3 செயலி, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏறாது. குறுக்குவழியில் ஏற்றிக் கணக்கு வைப்பது சரியில்லை. அதனால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் 22, பழைய கணினிக்கு ஏற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு.

பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்ததில் வைஃபை மட்டும் தெரியவில்லை. கார்டு பிராட்காம் பிசிஎம்43142. போனை யுஎஸ்பி டெதரிங்கில் இணைத்தால் டிரைவர் மேனேஜர் அதற்குரிய டிரைவரைக் காட்டுகிறது. ஆனால் செக்யூர் பூட் (கையொப்பமுள்ள மென்பொருளோடு மட்டும் கணினியைத் தொடங்கவிடும் பாதுகாப்பு) ஆனில் இருந்தால் கையொப்பமில்லாத டிரைவரைக் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஏற்காது. செக்யூர் பூட்டை அணைத்துவிடலாம். என் கவலை வேறு: கெர்னல் மாறும்போது இந்த டிரைவர் மறுபடி கம்பைல் ஆகவேண்டும், அது தோற்றால் வைஃபை போய்விடும். இதே கார்டு வைத்திருப்பவர்கள் எந்தக் கெர்னலில் நிறுத்தியிருக்கிறீர்கள்?

அடுத்தது முக்கியம். பழைய கணக்கெல்லாம் பாமினியில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு) அடித்த வேர்ட் கோப்புகள். எழுத்துருவை நகலெடுத்தால் லிப்ரே ஆபீஸில் படிக்க முடிகிறது, தேட முடியவில்லை. யூனிகோடுக்கு மொத்தமாக மாற்றினால் ஆங்கிலப் பெயர்களும் வங்கியின் ஐஎஃப்எஸ்சி எண்களும் தமிழெழுத்தாகிக் குழம்புகின்றன. எழுத்துருவைப் பார்த்து, பாமினிப் பகுதியை மட்டும், அட்டவணை கலையாமல் மாற்றும் மென்பொருள் உண்டா?

1.35 வோல்ட் டிடிஆர்3எல் 4 ஜிபி ராமும் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியும் காரைக்குடியில் எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கள்.