இம்ப்ளாண்ட் வைத்த பிறகு வரும் இறுக்கம், வீக்கம்: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்க

கொழிஞ்சாம்பாறைக்காரி:
மார்புப் புற்றுநோய்க்கு ஒரு பக்கம் எடுத்துவிட்டு சிலிக்கான் இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டவர்கள் நம்ம பக்கத்திலும் இருக்கிறோம். வீட்டுக்குள்கூட இதைப் பேசுவதில்லை. நானே ஆரம்பிக்கிறேன்.

ஆபரேஷன் கோயம்புத்தூரில். ரேடியேஷனும் எடுத்தேன். அதெல்லாம் முடிந்து ரொம்ப நாள் கழித்து அந்தப் பக்கம் மெல்ல இறுக ஆரம்பித்தது. முதலில் தொட்டால்தான் தெரிந்தது. அப்புறம் ஜாக்கெட் போட்டால் ஒரு பக்கம் மேலேறி நின்றது. கடைசியில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவே முடியாத வலி. காய்ச்சல் கிடையாது, சீழ் கிடையாது, தோல் சிவக்கவும் இல்லை. இங்கே பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். சாப்பிடும்வரை தேவலை, நிறுத்தினால் பழையபடி.

பிறகு பார்த்த பிளாஸ்டிக் சர்ஜன்தான் பொறுமையாக விளக்கினார். வெளிப்பொருள் எது உள்ளே போனாலும் அதைச் சுற்றி உடம்பு ஓர் உறை போடும். சிலருக்கு அந்த உறை தடித்துச் சுருங்கி இம்ப்ளாண்டை நெரிக்கும். அதை பேக்கர் கிரேடு என்று 1 முதல் 4 வரை பிரிக்கிறார்கள். கல் மாதிரி இறுகி, வடிவம் கெட்டு, வலியும் இருந்தால் 4. எனக்கு அதுதான். ரேடியேஷன் எடுத்தவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகமாம். இன்னொரு காரணமாக அவர் சொன்னது பயோஃபிலிம், அதாவது கிருமிப் படலம். நம் தோலிலும் பால்குழாய்களிலும் சாதாரணமாகவே குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற பாக்டீரியாக்கள், வைக்கும்போதே இம்ப்ளாண்டில் ஒட்டிக்கொள்ளும். குளத்துப் படியில் பாசி பிடிப்பதுபோல வழவழப்பாக ஒன்றைச் சுரந்து அதற்குள்ளேயே இருந்துவிடும். சிலிக்கானுக்குள் ரத்த ஓட்டம் இல்லை. அந்தப் படலத்துக்குள் மருந்து சரியாக இறங்காது. இறங்கினாலும், உள்ளே வளராமல் முடங்கிக் கிடக்கும் கிருமிகளை அது அவ்வளவாகக் கொல்லாது. வெளியே உதிர்வது மட்டும் சாகும். மாத்திரை நிறுத்தியதும் வலி திரும்பியது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இம்ப்ளாண்டையும் உறையையும் எடுத்துவிட்டார்கள். புதிதாக வைக்கவில்லை, பிராவுக்குள் வைக்கும் செயற்கை மார்பு போதும் என்று நானே முடிவு செய்தேன். ஆனால் இதெல்லாம் வைப்பதற்கு முன்பே சொல்லப்பட வேண்டியது. அது நோயாளியின் உரிமை என்று அழுத்தமாகச் சொல்வேன்.

பாலக்காட்டுச் சித்தூர் நர்ஸ்:
அக்கா, தியேட்டரில் நிற்பவள் என்ற முறையில் சொல்றேன். படலம் பிடித்த பிறகு செய்ய முடிவது குறைவு, அதனால முதல்லயே தடுக்கணும். கீறுவதற்கு முன்பே ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருக்கணும். முலைக்காம்பு இருந்தால் அதை மூடி ஒட்டணும், ஏன்னா பால்குழாய் வழியா கிருமி வரும். இம்ப்ளாண்ட் டப்பாவைக் கடைசி நிமிஷத்துலதான் திறக்கணும். தொடுறதுக்கு முன்னாடி புது கிளவுஸ். வைக்கப்போற இடத்தை பொவிடோன் அயோடினோ ஆன்டிபயாடிக் கரைசலோ விட்டுக் கழுவணும். எங்க சீனியர் சர்ஜன், இம்ப்ளாண்டை யார் கையும் தேவையில்லாம தொட விடமாட்டார். கண்டிப்பானவர், எனக்கு அவர்மேல பெரிய மரியாதை.

வாளையார் லேப் டெக்னீஷியன்:
கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) ரிப்போர்ட்டில் ‘வளர்ச்சி இல்லை’ என்று வந்தால் கிருமியே இல்லை என்று அர்த்தமில்லைங்க. படலத்தில் ஒட்டியிருப்பது பஞ்சுக் குச்சியில் வராது. எடுத்த உறைத் துண்டையும் இம்ப்ளாண்டையும் சேர்த்தே அனுப்பணும். அல்ட்ராசவுண்ட் அதிர்வால் ஒட்டியதை உதிர்த்துப் பார்க்கும் வசதி பெரிய லேப்களில் உண்டு. காயம் ஆறாமல் நீர் கசிந்துகொண்டே இருந்தால் மைக்கோபாக்டீரியம் என்ற வகைக் கிருமிக்கான கல்ச்சரும் கேளுங்க. மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூய்ட்டம் போன்றவை சாதாரண கல்ச்சரில் தப்பிவிடும். அதற்கு மருந்தும் வேறு, மாதக்கணக்கில் சாப்பிடணும்.

குமுளிப் பொண்ணு:
என் சித்தி துபாயில் வேலை பார்த்தப்போ அழகுக்காக வைத்தது. பல வருஷம் எதுவும் இல்லை. திடீரென்று ஒரு பக்கம் நீர் கோத்து வீங்கியது. நெட்டில் படித்துவிட்டு ராத்திரியெல்லாம் அழுதார். மார்பு இம்ப்ளாண்டைச் சுற்றி அபூர்வமாக ஒருவகை லிம்போமா (நிணநீர்ப் புற்று) வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011-லேயே எச்சரித்தது. பெரும்பாலும் சொரசொரப்பான மேற்பரப்பு இம்ப்ளாண்டில்தான் இது வருகிறது. 2016-இல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தற்காலிகமாகத் தனி நோயாக ஏற்றது. 2019 ஜூலையில் அலர்கன் கம்பெனி தன் சொரசொரப்பான பயோசெல் இம்ப்ளாண்டுகளை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. பயோஃபிலிம் அழற்சியைத் தூண்டிவிட்டே இது வருகிறதோ என்று சில ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள், நிரூபணம் ஆகவில்லை. சித்திக்கு ஸ்கேன் எடுத்து, ஊசியில் நீரை உறிஞ்சி டெஸ்ட் செய்தார்கள். புற்று இல்லை. ஆபரேஷன் சமயத்தில் கொடுத்த இம்ப்ளாண்ட் விவரக் கார்டைப் பத்திரமாக வைத்திருந்ததால் எந்த மாடல் என்று உடனே தெரிந்தது. தொலைத்தவர்கள் ஆஸ்பத்திரியில் கேட்டு நகல் வாங்கிடுங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
கண்ணு, அந்த நீர் டெஸ்ட் பேர் என்ன? என் கூட கீமோ எடுத்த ஒருத்தருக்கு இப்போ இதே மாதிரி வீக்கம்.

வாளையார் லேப் டெக்னீஷியன்:
நான் சொல்றேங்க. செல் பரிசோதனையோடு சிடி30 (அந்த லிம்போமா செல்களைக் கண்டுபிடிக்க உதவும் டெஸ்ட்) என்று டாக்டர் சீட்டில் தனியாக எழுதணும், எழுதாவிட்டால் செய்யமாட்டார்கள். முதல் தடவை உறிஞ்சும் நீரையே அனுப்பச் சொல்லுங்க. வீக்கம் குறையட்டும் என்று வடித்துக் கொட்டிவிட்டால், அடுத்த முறை எடுக்கும் நீரில் செல்கள் குறைந்திருக்கும்.