நியோகிளாசிக்கல்: புதுச்செவ்வியலா, மீள்செவ்வியலா?

அனைவருக்கும் வணக்கம்.

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பழைய கிரேக்க-ரோமக் கலையைப் பின்பற்றி எழுந்த ‘நியோகிளாசிக்கல்’ இயக்கத்துக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ப்பெயர் வைப்பது என்று நான்கு நாளாக இந்த இழையில் வந்த மடல்களை ஒரே மூச்சில் படித்துவிட்டு எழுதுகிறேன். ஐயா முன்வைத்த ‘புதுச்செவ்வியல்’ என்ற சொல்லைத்தான் நானும் ஓவிய மாணவர்களுக்கான பாடக்குறிப்பில் இரண்டு ஆண்டாகப் பயன்படுத்தி வந்தேன். போட்டு நடந்து பார்த்த செருப்பு, எங்கே கடிக்கிறது என்று சொல்ல முடியும். மடல் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> நியோ என்றால் புது, கிளாசிக்கல் என்றால் செவ்வியல். புதுக்கவிதை இருக்கிறதே, புதுச்செவ்வியல் இருக்கக் கூடாதா? இதில் பேச என்ன இருக்கிறது?

இலக்கணத்தில் குறையே இல்லை, ஐயா. வாயிலும் தடங்கல் இல்லாமல் வருகிறது. ஆனால் நீங்கள் துணைக்கு அழைத்த புதுக்கவிதையே உங்களுக்கு எதிர்சாட்சி. யாப்பை உதறிவிட்டு வந்ததால்தான் அது புதுக்கவிதை. தமிழில் ஒன்றின் முன்னால் ‘புது’ வந்தால், பழையதை விட்டுவிட்டார்கள் என்றுதான் காது எடுத்துக்கொள்கிறது. இந்த இயக்கம் செய்ததோ நேர்மாறு. கண்ணெதிரே இருந்த புதுசை உதறிவிட்டுப் பழசைத் தேடிப் போனவர்கள் இவர்கள்.

இந்த இயக்கத்தின் பிரெஞ்சு ஓவியர் தாவீதின் ‘ஹொராத்தியர் சபதம்’ ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1784இல் ரோமில் தங்கி வரைந்தது, அடுத்த ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் வைத்தது. இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் 3.3 மீட்டர் உயரம், 4.25 மீட்டர் அகலம். பின்னால் மூன்று வளைவுகள், அலங்காரம் எதுவும் இல்லாத தூண்கள். இடப்பக்கம் மூன்று சகோதரர்கள் கையை நீட்டி நிற்கிறார்கள். நடுவில் தந்தை மூன்று வாள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கிறார். வலப்பக்கம் பெண்கள் துவண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆண்கள் எல்லாம் கோடு போட்ட மாதிரி நேர். பெண்கள் எல்லாம் வளைவு. பின்னாலுள்ள ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கூட்டம் என்று மேடை நாடகம்போலப் பிரித்து நிறுத்தியிருக்கிறார். அதற்குப் பதினேழு ஆண்டு முன்னால், 1767இல், அதே பிரான்சில் ஃபிராகொனார் வரைந்த ‘ஊஞ்சல்’ ஓவியத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இளஞ்சிவப்புப் பாவாடை, பச்சைப் புதர், காற்றில் பறக்கிற ஒற்றைச் செருப்பு. அன்றைக்கு அதுதான் நாகரிகம், அதுதான் புதுசு. தாவீத் அந்தக் குழைவையும் கொஞ்சலையும் துடைத்து எறிந்துவிட்டு ரோமின் பழங்கதைக்குப் போகிறார். அதைப் ‘புது’ என்று நாம் சொன்னால் வரைந்தவரே திகைத்திருப்பார்.

அவர்கள் தங்களை நியோகிளாசிக்கல் என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. ‘உண்மையான பாணி’ என்றார்கள். ‘நியோ’ ஒட்டு 19ஆம் நூற்றாண்டில், இயக்கம் ஓய்ந்த பிறகு, ‘உயிரில்லாத நகல்’ என்ற இளக்காரத்தோடு வந்தது. விமர்சகர் ஒட்டிய சீட்டை நாம் எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இன்னொரு சிக்கல் இதைவிட நடைமுறையானது. கண்ணாடியும் கான்கிரீட்டும் சலித்துப்போய், 1980களுக்குப் பிறகு சில கட்டடக் கலைஞர்கள் மறுபடியும் தூணும் முக்கோண முகப்புமாகக் கட்டத் தொடங்கினார்கள். லியோன் கிரியர் திட்டமிட்டு, இங்கிலாந்தில் 1993இல் கட்டத் தொடங்கிய பவுண்ட்பரி குடியிருப்பு நகர் அந்த வகை. அதன் பெயர் ‘நியூ கிளாசிக்கல்’. ஆக ஆங்கிலத்தில் நியோ ஒன்று, நியூ ஒன்று. இரண்டுக்கும் நடுவே இருநூறு ஆண்டு. ‘புது’வை முதலாவதற்குக் கொடுத்துவிட்டால் இரண்டாவதற்கு என்ன கொடுப்பது? ‘புதுப் புதுச்செவ்வியல்’ என்றா? பொருளியலிலும் இதே கூத்து உண்டு. அங்கே நியோகிளாசிக்கல் என்ற பெயரைப் பொருளியலாளர் வெப்லன் 1900இல் வைத்தார். நியூ கிளாசிக்கல் என்பது 1970களில் லூக்கஸ் முதலானோர் எழுப்பிய வேறொரு கொள்கை. அங்கே கிளாசிக்கலுக்குத் ‘தொன்மை’ என்று பாடநூல்கள் போட்டுவிட்டன. அந்த வழக்கை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும்.

> அப்படியானால் நவசெவ்வியல் என்று வைத்துவிட்டால் என்ன? நியோவுக்கு நவ, நியூவுக்குப் புது. பிரச்சினை தீர்ந்தது.

அக்கா, கணக்கு சரி, காது ஒப்பவில்லை. நவக்கிரகம், நவராத்திரி, நவமணி, நவதானியம் என்று ஒன்பதாகவே கேட்டுப் பழகிய நமக்கு, நவசெவ்வியல் என்றதும் மற்ற எட்டு செவ்வியல் எங்கே என்று தேடத் தோன்றும். ‘நவீன செவ்வியல்’ இன்னும் ஆபத்து. நவீன ஓவியம் என்றால் பிக்காசோ காலத்தது என்று ஆகிவிட்டது.

ஆகவே என் பரிந்துரை: மீள்செவ்வியல்.

மீள்பார்வை, மீள்குடியேற்றம், மீள்சுழற்சி என்று இந்த முன்னொட்டு ஏற்கெனவே நாளிதழ் வரைக்கும் வந்துவிட்டது. வினைத்தொகை என்பதால் நடுவே ஒற்று மிகாது. ‘ச்’ போடுவதா வேண்டாமா என்று திருத்துநரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பொருளும் அவர்கள் செய்த காரியத்தையே சொல்கிறது. 1738இல் ஹெர்குலேனியம், 1748இல் பாம்பேயி என்று, இத்தாலியில், எரிமலைச் சாம்பலுக்குள் புதைந்து கிடந்த ஊர்களைத் தோண்டத் தொடங்கினார்கள். 1751இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்கள் ஸ்டூவர்ட்டும் ரெவெட்டும் ஏதென்சுக்குப் போய்த் தூண் தூணாக அளந்து வரைந்தார்கள். அந்த வரைபடங்களின் முதல் தொகுதி 1762இல் வெளியானது. நடுவே 1755இல், நாம் பெரியவர்களாக, யாராலும் பின்பற்ற முடியாதவர்களாக ஆக ஒரே வழி பண்டையோரைப் பின்பற்றுவதுதான் என்று ஜெர்மானியக் கலை வரலாற்றாளர் விங்கல்மான் எழுதினார். கால்தடத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போகும் மனசு இது. ‘மீள்’ அதற்குத்தான்.

> மறுமலர்ச்சிக் காலத்தவரும் கிரேக்க ரோமத்துக்குத்தானே திரும்பினார்கள்? அவர்களையும் மீள்செவ்வியல் என்பீர்களா?

நல்ல கேள்வி. திரும்பினார்கள்தான். ஆனால் ‘மறுமலர்ச்சி’ என்ற சொல் அவர்களுக்கு உறுதியாக ஒட்டிவிட்டது, யாரும் குழப்பிக்கொள்ளப் போவதில்லை. வேறுபாடு எங்கே என்றால், மறுமலர்ச்சிக்காரர்கள் பழைய விதையை வாங்கித் தங்கள் தோட்டத்தில் போட்டார்கள். இவர்கள் அளவுகோலோடு போய், அதே விட்டம், அதே இடைவெளி என்று எடுத்து வந்தார்கள். பெர்லினின் பிராண்டன்பர்க் வாயில் (1788–1791) ஏதென்சு அக்ரோபோலிசின் நுழைவாயிலை மனசில் வைத்து லாங்ஹான்ஸ் எழுப்பியது. அமெரிக்காவில் ஜெஃபர்சன் வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்குப் பிரான்சின் நீம் நகரத்து ரோமானியக் கோயிலையே மாதிரியாக எடுத்தார்.

தனிமடலில் ஒரு நண்பர் மடக்கினார்: விங்கல்மான் கிரேக்க மண்ணை மிதித்ததே இல்லை, பார்த்ததெல்லாம் பெரும்பாலும் ரோமில் இருந்த நகல்கள்; போகாத ஊருக்கு எப்படி மீள்வது? உண்மைதான். நம் ஊரில் போகாத ஊருக்கு வழி கேட்பார்கள், இவர்கள் போகாத ஊருக்குத் திரும்பியே வந்தவர்கள். எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. ‘மீள்’ என்பது அவர்களின் ஆசையைச் சொல்கிறது. போய்ச் சேர்ந்தார்களா என்பதைக் கட்டுரையில் எழுதிக்கொள்ளலாம்.

> இலங்கையில் நாங்கள் செந்நெறி என்றுதான் எழுதுவோம். செவ்வியலைத் திணிக்க வேண்டாம்.

திணிக்கவில்லை, அண்ணா. செந்நெறி அழகான சொல், எனக்கு ஒரு பிடி கூடுதலாகவே பிடிக்கும். செவ்வியலில் உள்ள ‘இயல்’ இயற்பியல், வேதியியல் போல ஏதோ பாடப்பிரிவு என்ற மயக்கத்தைத் தருகிறது. செந்நெறியில் அது இல்லை. ஆனால் இங்கே செவ்வியல் வேர்விட்டுவிட்டது. பதிவில் ‘மீள்செந்நெறி’ என்று இணைச்சொல்லாகக் கொடுத்துவிடலாம். முன்னொட்டு ஒன்றாக இருந்தால் போதும். இயக்கத்தைக் குறிக்க ‘வாதம்’ சேர்ப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. மீள்செவ்வியல்வாதம் என்றால் மூட்டுவலி திரும்பி வந்த மாதிரி இருக்கிறது. ‘மீள்செவ்வியல் இயக்கம்’ போதும்.

ஒரு சங்கடத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாணவர்களை மாமல்லபுரம் அழைத்துப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ராஜாஜி மண்டபத்தின் முன்னால் பேருந்தை நிறுத்தினேன். அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என்று தலைவர்களின் உடலை அஞ்சலிக்கு வைத்த இடமாகத் தொலைக்காட்சியில் பார்த்து எல்லாருக்கும் அந்தப் படிக்கட்டு தெரியும். அந்தப் படியும் தூண் வரிசையும் கிரேக்கக் கோயில் சாயலில் இருப்பதை யாரும் கவனித்திருக்கவில்லை. பிளாசி, ஸ்ரீரங்கப்பட்டணம் வெற்றிகளின் நினைவாகக் கிழக்கிந்தியக் கும்பினியார் 1802இல் திறந்த விருந்து மண்டபம் அது. வடிவமைத்த கோல்டிங்ஹாம், சென்னை வானாய்வகத்தின் வானியலாளர். “இது புதுச்செவ்வியல் பாணி” என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், “பல்லவர் பாணியைப் புதுசாச் செஞ்சதா சார்?” என்று கேட்டாள். காலையில்தானே பல்லவர் கலையைச் செவ்வியல் என்று சொல்லிக்கொடுத்திருந்தேன், அவள்மேல் தப்பில்லை.

மீள்செவ்வியல் என்றிருந்தாலும் அவள் கேட்டிருப்பாள். நமக்குச் செவ்வியல் என்றால் சங்கமும் பல்லவமும்தான் முன்னால் வரும். அதற்காகச் சொல்லுக்குள்ளேயே ‘கிரேக்க-ரோம’ என்று திணித்தால் கூட்ஸ் வண்டி நீளம் ஆகிவிடும். விளக்கத்தின் முதல் வரியில் சொல்லிவிடலாம். அந்தக் காலச் சென்னைக் கட்டடங்களில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிரேக்கத்தில் பளிங்குத் தூண். இங்கே பெரும்பாலும் செங்கல் தூண், மேலே கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு. முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி மின்ன வைத்தார்கள் நம் கொத்தனார்கள். வெள்ளைக்காரர் ‘மெட்ராஸ் சுனாம்’ என்று வியந்து எழுதியது அதைத்தான்.

சரி, வேலைக்கு வருகிறேன். பதிவை இப்படி ஏற்றலாமா?

மீள்செவ்வியல் (இணைச்சொல்: மீள்செந்நெறி): பண்டைய கிரேக்க-ரோமக் கலையை அகழாய்வும் அளவும் கொண்டு மீட்டுப் பின்பற்றிய ஐரோப்பியக் கலைப்போக்கு, 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை. எ.கா: மீள்செவ்வியல் ஓவியம், மீள்செவ்வியல் கட்டடக்கலை. 1980களுக்குப் பிந்திய கட்டடப்போக்குக்குக் காண்க: புதுச்செவ்வியல்.

ஐயாவின் சொல்லும் வீணாகவில்லை பாருங்கள்.

பி.கு: தூணின் உச்சிக்கு ஒருவர் ‘போதிகை’ என்று போட்டிருந்தார். நம் தூணில் போதிகை என்பது விட்டத்தைத் தாங்கும் கை. கிரேக்கரின் டோரிக் வகைத் தூணின் உச்சியில் இருப்பது ஒரு சதுரப் பலகை. நம் தூண்களிலும் அந்த இடத்து உறுப்புக்குச் சிற்பிகள் ‘பலகை’ என்றே சொல்கிறார்கள். தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன். கட்டடமா கட்டிடமா என்று மட்டும் யாரும் அங்கே ஆரம்பித்துவிட வேண்டாம்.