எஸ்.டி.சி. இல்லாத டிஸ்ப்ளேயை செஸ்னா 172-இல் மாட்ட வழி உண்டா?

நண்பர்களே, ஒரு உதவி. அமெரிக்கப் பதிவுள்ள பழைய செஸ்னா 172 சிறு விமானம் வைத்திருக்கிறேன். வேக்குவத்தில் ஓடும் ஆட்டிட்யூட் இண்டிகேட்டர் (விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது, மூக்கு மேலா கீழா என்று காட்டும் கருவி) சாகக் கிடக்கிறது. வீட்டில் கட்டும் விமானங்களுக்கென்று விற்கும், அதே வேலையைச் செய்யும் ஒரு டிஸ்ப்ளேயைப் பார்த்து வைத்திருக்கிறேன். விலை குறைவு, பேட்டரியும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அதற்கு டி.எஸ்.ஓ.வும் (கருவியின் தரத்துக்கு அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. தரும் சான்று) இல்லை, எஸ்.டி.சி.யும் (இன்ன விமானத்தில் மாட்டலாம் என்று எஃப்.ஏ.ஏ. தரும் அனுமதி) இல்லை. மெக்கானிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, லைசென்ஸ் அவருடையது.

2016-இல் இதே மாதிரியான டைனான் டி10ஏ டிஸ்ப்ளேவுக்கு விமான ஆர்வலர் சங்கமான இ.ஏ.ஏ. எஸ்.டி.சி. வாங்கியபோது கதவு கொஞ்சம் திறந்தது. ஆனால் அது அந்தக் கருவிக்கு மட்டும்தான். அதே ஆண்டு வந்த எஃப்.ஏ.ஏ.வின் நார்சீ கொள்கை, ஆங்கிள் ஆஃப் அட்டாக் இண்டிகேட்டர் (இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தைக் காட்டுவது) போன்ற, கட்டாயமில்லாத கூடுதல் கருவிகளுக்கானது. கட்டாயக் கருவியைக் கழற்றிவிட்டு அங்கே வைக்க உதவாது. வி.எஃப்.ஆர். (வெளியே கண்ணால் பார்த்துப் பறப்பது) மட்டும் பறந்தால் ஆட்டிட்யூட் இண்டிகேட்டர் கட்டாயமில்லை, சரி. எனக்கு ஐ.எஃப்.ஆர். (கருவிகளை நம்பிப் பறப்பது) வேண்டும்.

மீதி இருப்பது ஃபார்ம் 337 (பெரிய மாற்றங்களுக்கான எஃப்.ஏ.ஏ. படிவம்) போட்டு ஃபீல்டு அப்ரூவல், அதாவது இந்த ஒரு விமானத்துக்கு மட்டும் அனுமதி, கேட்பது. யாராவது இப்படி வாங்கியிருக்கிறீர்களா? எஃப்.ஏ.ஏ. இன்ஸ்பெக்டர் எலெக்ட்ரிக்கல் லோடு கணக்கு, பறப்புச் சோதனை என்று என்னென்ன கேட்டார்? கருவியை வாங்கும் முன்பே அவரிடம் பேசினீர்களா? அப்புறம், வேக்குவம் பம்பைக் கழற்றினீர்களா, அப்படியே விட்டீர்களா?

"எஸ்.டி.சி. உள்ளதையே வாங்கு" என்பவர்கள், எதை வாங்கினீர்கள் என்றும் சொல்லுங்கள்.