ஒமாஹாவில் கார் ஓட்டாமல் வாழ முடியுமா?

பூங்குழலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள ஒமாஹாவில் வேலை உறுதியாகிவிட்டது. அலுவலகம் நகர மையத்தில், டக்ளஸ் தெருவில் இருக்கிறது. ஜனவரி முதல் வாரம் நியூ ஜெர்சியிலிருந்து கிளம்புகிறோம். மகனுக்கு ஏழு வயது.

எனக்கு வலிப்பு நோய் உண்டு. மாத்திரையால் பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கிறது. ஆனாலும் சென்ற ஆகஸ்டில் சமையலறையில் ஒருமுறை வந்துவிட்டது. கார் ஓட்டவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இங்கே ரயிலும் பேருந்தும் இருப்பதால் யாரையும் எதிர்பார்க்காமல் மருந்துக்கடைக்கும் நூலகத்துக்கும் நானே போய்வருகிறேன். ஒமாஹாவில் அதற்கு வழியே இல்லை என்கிறார்கள். கணவரின் புது அலுவலக நண்பர்களோ 160ஆம் தெருவுக்கு மேற்கே, பள்ளி நன்றாக இருக்கும் இடமாகப் பார்த்து வீடு எடுக்கச் சொல்கிறார்கள். அங்கே போனால் நான் நான்கு சுவருக்குள் அடைபட்டுவிடுவேனோ என்று இரவில் தூக்கம் வருவதில்லை.

எந்தப் பகுதியில் குடியிருக்கலாம்? மருத்துவமனை பக்கத்தில் இருக்குமா? மின்சாரம், எரிவாயு, தண்ணீர் இணைப்புகளை யாரிடம் வாங்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேற்குவாசி எழுதியது:

வாருங்கள், நல்ல ஊர்தான். நான் ஒன்பது ஆண்டுகளாக மேற்கே இருக்கிறேன். மில்லார்ட், எல்க்ஹார்ன் இரண்டுமே நல்ல பள்ளி மாவட்டங்கள். வீடுகள் புதியவை. நம் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. மருத்துவமனைக்கும் குறைவில்லை. 168ஆம் தெருப் பக்கம் லேக்சைட் இருக்கிறது, 192ஆம் தெருவில் மெதடிஸ்ட் பெண்கள் மருத்துவமனை இருக்கிறது. பேருந்தை நம்பி வீடு பார்க்காதீர்கள். என் மனைவியே வாரம் இருமுறை கடைக்குப் போகிறார், உங்களையும் மகிழ்ச்சியோடு அழைத்துப் போவார். உதவி கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

செங்கமலம் எழுதியது:

பூங்குழலி, மேற்குவாசி நல்ல மனதோடுதான் சொல்கிறார். அவர் மனைவியும் கட்டாயம் அழைத்துப் போவார். ஆனால் 2008இல் இதே அறிவுரையைக் கேட்டுத்தான் நான் 150ஆம் தெருப் பக்கம் குடிபோனேன். எனக்கு அப்போது கார் ஓட்டத் தெரியாது. பக்கத்துக் கடை இரண்டு மைல். பாதி வழிக்கு நடைபாதை கிடையாது. பனி கொட்டிவிட்டால் அந்தப் பாதியும் இல்லை. முதல் மாதம் எல்லோரும் கூப்பிட்டார்கள். மூன்றாம் மாதம் நானே கேட்கக் கூச்சப்பட்டேன். மகளுக்கு ஒருநாள் மதியம் காய்ச்சல் 104 டிகிரி ஏறியபோது, யாரைக் கூப்பிடலாம் என்று தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கால் மணி நேரத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. பிறர் தயவு உதவியாக இருக்கலாம், அதையே அன்றாட ஏற்பாடாக வைத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே நீங்கள் பேருந்து வழியை முதலில் பாருங்கள், வீட்டைப் பிறகு பாருங்கள். இந்த ஊரின் அமைப்பு எளிது. மிசூரி ஆற்றங்கரையில் தொடங்கி மேற்கே போகப் போகத் தெரு எண்கள் கூடிக்கொண்டே போகும். டாட்ஜ் தெரு ஊரை வடக்கு, தெற்கு என்று பிரிக்கும். அந்த டாட்ஜ் தெருவில்தான் 2020 நவம்பரிலிருந்து ஆர்பிட் என்னும் விரைவுப் பேருந்து ஓடுகிறது. நகர மையத்திலிருந்து வெஸ்ட்ரோட்ஸ் வணிக வளாகம் வரை, அதாவது ஏறக்குறைய 100ஆம் தெரு வரை, சுமார் 8 மைல். வார நாட்களில் பகலில் 10 முதல் 15 நிமிடத்துக்கு ஒரு வண்டி. நிலைய மேடையும் பேருந்தின் தளமும் ஒரே உயரம், படியேற வேண்டியதில்லை. கட்டணம் 1.25 டாலர், பள்ளி மாணவர்களுக்கு இலவசம். ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலிருந்து நான் இதில்தான் வேலைக்குப் போகிறேன். நான் மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தப் பரிசோதனை செய்பவள், காலை ஷிப்ட். உங்கள் கணவரின் அலுவலகமும் இந்தத் தடத்திலேயே வந்துவிடுகிறது. ஒரே காரை வைத்துக்கொண்டு, அதையும் பாதி நாள் வீட்டிலேயே நிறுத்திவைக்கலாம்.

மற்ற தடங்களை இப்படி நம்ப முடியாது. பலவற்றில் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒரு வண்டிதான். மேற்குக் கோடியில் பெரும்பாலும் காலையும் மாலையும் அலுவலகம் போகிறவர்களுக்கான எக்ஸ்பிரஸ் வண்டிகள் மட்டுமே. பகல் பதினொரு மணிக்கு மருந்துக்கடைக்குப் போக அவை உதவாது.

இன்னொன்று, வந்தவுடனே மோபிக்கு விண்ணப்பம் போடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்காக முன்பதிவின்பேரில் வாசலுக்கே வரும் வண்டி அது. வழக்கமான பேருந்துத் தடத்திலிருந்து முக்கால் மைலுக்குள் குடியிருப்பவர்களுக்கு அந்தச் சேவையைத் தர வேண்டும் என்பது மத்தியச் சட்டம். அந்த எல்லைக்கு வெளியே வீடு எடுத்தால் அதைக் கேட்கும் உரிமையும் போய்விடும். மருத்துவரின் கடிதம் தேவைப்படலாம், நியூ ஜெர்சியிலேயே வாங்கிக்கொண்டு வாருங்கள். 21 நாட்களுக்குள் முடிவு சொல்லாவிட்டால், சொல்லும்வரை உங்களைத் தகுதியுள்ளவராகவே நடத்த வேண்டும்.

மருத்துவமனை விஷயத்தில் டாட்ஜ் தெரு ஒரு வரம். 42ஆம் தெருவில் நெப்ராஸ்கா மெடிசின், பல்கலைக்கழக மருத்துவமனை. 2014இல் எபோலா நோயாளிகளைக் கொண்டுவந்து சிகிச்சை அளித்தது அங்கேதான். வலிப்பு நோய்க்கென்றே தனிப் பிரிவும் உண்டு. 84ஆம் தெருப் பக்கம் மெதடிஸ்டும் குழந்தைகள் மருத்துவமனையும் அருகருகே இருக்கின்றன. இவை போக சி.எச்.ஐ. என்னும் மூன்றாவது அமைப்புக்கும் ஊர் முழுக்க மருத்துவமனைகள் உள்ளன. கணவரின் காப்பீட்டில் எது சேர்ந்திருக்கிறது என்பதை வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். என் கணவர் சர்க்கரை நோயாளி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்துவிட்டார். யாரோ 911ஐ அழைத்தார்கள். ஆம்புலன்ஸ் பக்கத்திலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. அது எங்கள் காப்பீட்டில் சேராதது. அவர் பிழைத்துவிட்டார், அதுவே போதும். ஆனால் அடுத்த நான்கு மாதமும் உறை உறையாகக் கட்டண ரசீது வந்துகொண்டே இருந்தது. ஆம்புலன்சுக்கு மட்டும் ஆயிரம் டாலருக்கு மேல்.

2022 ஜனவரி முதல் சட்டம் மாறியிருக்கிறது. அவசர சிகிச்சைக்காகக் காப்பீட்டில் சேராத மருத்துவமனைக்குக் கொண்டுபோனாலும் அந்தக் கூடுதல் தொகையை உங்கள் தலையில் கட்ட முடியாது. ஆனால் தரைவழி ஆம்புலன்ஸ் அந்தச் சட்டத்தில் சேரவில்லை. உங்களுக்கு வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும் என்றால், உங்கள் மருத்துவரிடம் பேசி ஒரு சிறு அட்டை எழுதிப் பையில் வையுங்கள்: இவருக்கு வலிப்பு நோய் உண்டு, பக்கவாட்டில் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ மூச்சுத் திணறினாலோ அடிபட்டிருந்தாலோ 911ஐ அழையுங்கள், இல்லாவிட்டால் இந்த எண்ணில் என் கணவரை அழையுங்கள். ஆபத்து என்றால் பணத்தை நினைக்கவே கூடாது. பணம் கட்ட முடியாது என்பதற்காக எந்த அவசரப் பிரிவும் உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 1986இலிருந்தே சட்டம்.

பெரிய தொகை வந்தால் பயந்து உடனே கடன் அட்டையில் கட்டிவிடாதீர்கள். இலாப நோக்கற்ற மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் நிதியுதவித் திட்டம் இருந்தாக வேண்டும். முதல் ரசீதிலிருந்து 240 நாட்கள் வரை விண்ணப்பிக்கலாம். எங்களுக்கு இது யாரும் சொல்லவில்லை. ஐந்தாம் மாதம் ஒரு கணக்கர் அம்மாள் வாய்தவறிச் சொன்னதுபோலச் சொன்னார், விண்ணப்பித்தோம், பாதிக்கு மேல் குறைந்தது.

மின்கம்பி எழுதியது:

செங்கமலம் அம்மா சொன்னதற்கு மேல் மருத்துவம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மற்றதைச் சொல்கிறேன்.

மின்சாரத்துக்கு ஓ.பி.பி.டி., தண்ணீருக்கும் எரிவாயுவுக்கும் எம்.யூ.டி. இரண்டுமே பொது அமைப்புகள். இரண்டின் இயக்குநர் குழுக்களையும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மின்சாரம் முழுவதும் பொதுத்துறையிலும் கூட்டுறவிலும் இருக்கும் ஒரே அமெரிக்க மாநிலம் நெப்ராஸ்காதான். நிறுவனங்களை ஒப்பிட்டுத் தேடும் வேலை உங்களுக்கு இல்லை. குடிபுகும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே இரண்டிலும் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஒருநாள் வெப்பமூட்டி நின்றாலும் குழாய் உறைந்து வெடித்துவிடலாம். ஆண்டுச் செலவைச் சமமாகப் பிரித்து மாதாமாதம் கட்டும் வசதி இரண்டிலுமே உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் முதல் குளிர்கால எரிவாயுக் கட்டணம் திகைக்க வைக்கும்.

தண்ணீர் ரசீதில் கழிவுநீர்க் கட்டணம் தனியாக இருக்கும், பலருக்கு அது தண்ணீரைவிட அதிகமாக வரும். பழைய ஒமாஹாவில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகும்படி கட்டிவிட்டார்கள். பெருமழையில் அது ஆற்றில் கலப்பதைக் குறைக்க நகரம் சுமார் 200 கோடி டாலர் செலவில் வேலை செய்துவருகிறது. அந்தப் பணம் இந்த ரசீதுகளிலிருந்துதான் வருகிறது.

2024 ஜூலை 31 புயலில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. எங்கள் தெருவில் மரங்கள் விழுந்து நான்கு நாள் இருட்டு. ஒரு கைவிளக்கும், கைபேசிக்கு மின்னேற்றும் கருவியும், பத்து நாள் மாத்திரையும் எப்போதும் தனியாக வையுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. ஏழு வயதுப் பிள்ளை இருப்பதால் சொல்கிறேன். ஆற்றங்கரையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஈயம் உருக்கும் ஆலை இருந்தது. 1997இல் மூடினார்கள். அதன் புகை படிந்த கிழக்கு ஒமாஹாவின் மண்ணை மத்தியச் சுற்றுச்சூழல் துறை 2003இல், நச்சு படிந்து சுத்தம் செய்ய வேண்டிய இடங்களின் தேசிய முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆயிரக்கணக்கான வீட்டு முற்றங்களில் மண்ணை எடுத்துவிட்டுப் புது மண் போட்டிருக்கிறார்கள். அந்தப் பகுதியில் வீடு பிடித்திருந்தால், அந்த முகவரியில் மண் சோதிக்கப்பட்டதா என்று ஒமாஹா ஈயப் பதிவேட்டில் பாருங்கள். பழைய வீடு என்றால் சுவர்ச் சாயத்தையும், தண்ணீர் வரும் குழாய் ஈயமா என்பதையும் கேளுங்கள். பையனுக்கு இரத்தத்தில் ஈயப் பரிசோதனை ஒன்று செய்துகொள்வதும் நல்லது.

செங்கமலம் எழுதியது:

மின்கம்பி சொல்வது மிகச் சரி. இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் டண்டீ என்னும் பழைய குடியிருப்புப் பகுதியில், செங்கல் வீட்டில் இருக்கிறேன். என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் அந்தக் கவலையே எனக்கு நினைவில் வரவில்லை.

அப்படியானால் நீங்கள் அந்த ஈயப் பகுதியைத் தாண்டி மேற்கே, 80ஆம் தெருவுக்கும் 100ஆம் தெருவுக்கும் இடையே, டாட்ஜ் தெருவுக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் பாருங்கள். அங்கே பெரும்பகுதி வெஸ்ட்சைட் பள்ளி மாவட்டம். ஒமாஹா நகருக்குள்ளேயே தனி மாவட்டமாக இயங்குவது, நல்ல பெயர் பெற்றது. மேற்குவாசியின் கவலையும் தீர்ந்துவிடும். எந்த முகவரி எந்த மாவட்டத்தில் வருகிறது என்பதைப் பள்ளி அலுவலகத்திலேயே கேட்டு உறுதிசெய்யுங்கள், வீட்டு விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

மேற்குவாசி எழுதியது:

வெஸ்ட்சைட் எனக்குத் தோன்றவில்லை. அது நல்ல யோசனை. என் மனைவி இந்தத் திரியைப் படித்துவிட்டு, தானும் முதல் இரண்டு ஆண்டு இப்படித்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததாக இப்போதுதான் என்னிடம் சொன்னார். ஒன்பது ஆண்டில் எனக்கு அது தெரியாது.

பூங்குழலி எழுதியது:

படித்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன். அக்கா, அந்த அட்டையை இன்றே எழுதி மருத்துவரிடம் காட்டப் போகிறேன். 90ஆம் தெரு அருகே இரண்டு அடுக்குமாடிகளைக் குறித்து வைத்திருக்கிறோம். ஒரு சந்தேகம். வரைபடத்தில் பார்த்தால் ஒன்றிலிருந்து நிலையத்துக்கு ஆறு நிமிட நடை, மற்றொன்றிலிருந்து பதினான்கு நிமிடம். பதினான்கு நிமிட வீட்டில் வாடகை 120 டாலர் குறைவு. எதை எடுக்கலாம்?

செங்கமலம் எழுதியது:

ஆறு நிமிட வீட்டை எடுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி செல்சியஸ் குளிரில், உறைந்த நடைபாதையில், பையனைக் கையில் பிடித்துக்கொண்டு பதினான்கு நிமிடம் என்பது வேறு கணக்கு. டாட்ஜ் தெருவை எந்த இடத்தில் கடக்க வேண்டியிருக்கும் என்றும் பாருங்கள். அகலமான சாலை, வண்டிகள் வேகமாக வரும். சிக்னல் இருக்கும் சந்திப்பு வழியாக நிலையத்துக்கு வர முடிந்தால் மட்டுமே அந்த வீடு.

முன்பணம் கட்டும் முன் கணவரை ஒருமுறை வரச் சொல்லுங்கள். காலை ஏழரை மணிக்கு அந்த வாசலிலிருந்து நிலையம்வரை அவர் நடக்கட்டும், ஆர்பிட்டில் ஏறி அலுவலகம் போகட்டும். ஜனவரியில் நீங்கள் வந்த முதல் சனிக்கிழமை எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். நான் வெஸ்ட்ரோட்ஸ் நிலையத்துக்கு வருகிறேன். மருந்துக்கடை, நூலகம், நெப்ராஸ்கா மெடிசின் மூன்றுக்கும் சேர்ந்தே பேருந்தில் போய்வரலாம். பையனுக்கு நல்ல கையுறை வாங்கி வையுங்கள்.