குறைந்த விலைக் காட்டுக்கத்தி: செட்டிநாட்டுப் பக்கம் உங்களுக்கு நடந்தது என்ன?

கண்மாய்க்கரையான், கானாடுகாத்தான்

மோரா கம்பேனியன் என்கிற சுவீடன் கத்தியை வாங்கிய கதையை இந்த மன்றத்தில் ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். அதனால் பெட்டி பிரித்ததையெல்லாம் விட்டுவிடுகிறேன். என்னுடையது ஸ்டெயின்லெஸ், 2.5 மில்லிமீட்டர் தடிமன், பச்சைப் பிடி.

எங்கள் கண்மாய் மாசியிலேயே வற்றிவிட்டது, உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். கலுங்குப் பக்கம் உட்கார்ந்து, தீ மூட்டுவதற்குக் குச்சியைச் சுருள் சுருளாகச் சீவிப் பழகிக்கொண்டிருந்தேன். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் தோளில் தொரட்டியோடு வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "தம்பி, அதக் கொஞ்சம் குடுங்க" என்றார். சீவிக் காட்டப்போகிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். அவர் கலுங்குக் கல்லில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைத் தூக்கித் தொடைமேல் போட்டுக்கொண்டார். ரப்பர் செருப்பைத் துளைத்துப்போன கருவமுள் உள்ளேயே ஒடிந்து நிற்கிறது. காய்ப்பேறிய தோலைக் கத்தி நுனியால் இழை இழையாகச் சீவினார். ரத்தம் வரவில்லை. கடைசியில் ஒரு நெம்பு, முள் வெளியே வந்துவிட்டது. அதை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார், நீளத்தை அளக்கிற மாதிரி.

அப்புறம் கத்தியை வேட்டியில் துடைத்து, பிடி என் பக்கம் வரும்படி நீட்டினார். "நுனி நல்லாருக்கு. மொத்தமா இருந்தா ஆவாது" என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

வாங்குவதற்கு முன் நான் படித்ததெல்லாம் வேறு. கத்தியின் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளக்கலாமா, இரும்பு பிடியின் கடைசிவரை ஓடுகிறதா, இதே பேச்சுதான். மோரா கம்பேனியனில் ஓடாது, பிடிக்குள்ளேயே நின்றுவிடும். அந்த ஒரு காரணத்துக்காக 5 மில்லி தடிமனில் வேறொரு கத்தியைக்கூடத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். நுனியைப் பற்றி ஒருவரும் எழுதியதாக நினைவில்லை. நம் ஊர்ப் பொட்டலில் முள் குத்தாமல் யார் நடந்திருக்கிறார்கள்? (கத்தியைக் கொதிநீரில் கழுவிவிட்டேன், கேட்காதீர்கள்.)

பள்ளத்தூரான்

முள் எடுக்க ஊக்கு போதுமே அண்ணே!

என் கதை சின்னது. சித்தப்பா மகன் குன்றக்குடிக்குத் தைப்பூசத்துக்குப் போனவன் திருவிழாக் கடையில் ஒரு ராம்போ கத்தி வாங்கிவந்தான். முதுகில் ரம்பப் பல், கூடான பிடி, மூடியில் திசைகாட்டி, உள்ளே தூண்டில் முள், நூல், தீக்குச்சி. தோப்பில் சமையல் நடந்துகொண்டிருந்தது. தைலமரக் கட்டையில் ஓங்கி ஓர் அடி அடித்தான். பிடி கையில் இருக்கிறது, அலகைக் காணோம். பார்த்தால் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனில் குத்திக்கொண்டு நிற்கிறது, அதைச் சுற்றித் தண்ணீர் பீய்ச்சுகிறது. கேனுக்கு அந்தப் பக்கம் என் தங்கை உட்கார்ந்து பூரி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலை நிமிரவே இல்லை. "யாரு தண்ணியக் கொட்டுறது?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் குரல்தான் இன்னும் காதில் இருக்கிறது.

பிரித்துப் பார்த்தோம். அலகின் வால் பிடிக்குள் ஓர் அங்குலம்கூட இல்லை, ஒரு நட்டுதான் மொத்தத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது. திசைகாட்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும் வடக்கு காரைக்குடியில் இருக்கிறது.

உலைக்களம், சிங்கம்புணரி

முதல் பதிவு போட்டவரோடு எனக்கு ஒத்துவராது. சுவீடனில் மோரா என்கிற ஊரில் செய்கிற கத்தி அது. அந்த ஊர்க்காரர்கள் பைனும் பிர்ச்சும் சீவுகிறார்கள். இரண்டும் கருவேலத்தைவிட மென்மையான மரம். அதற்குத் தோதாகத்தான் வெட்டுவாய்ச் சரிவை அகலமாக, ஒரே தட்டையாக வைத்திருக்கிறார்கள். காய்ந்த சீமைக்கருவேலத்தில் அதே சரிவை வைத்து முறுக்கினால் விளிம்பு பல் பல்லாக உடையும். நம் மண்ணுக்கு நம் பட்டறைதான்.

திருப்பாச்சேத்திக்குப் போய் அடித்து வாங்கினேன். கூட வந்த நண்பன் போனில் ஒரு படத்தைக் காட்டி இதேபோல் வேண்டும் என்றான். அதில் இரண்டு பக்கமும் கூர். கொல்லர் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "ரெண்டு பக்கம் கூரு மனுசனுக்குத்தான் ஆகும், மரத்துக்கு ஆகாது" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, துருத்தியைப் போடப் போய்விட்டார். நண்பன் வரும் வழியெல்லாம் பேசவில்லை.

வாங்குகிறவர்கள் இதையெல்லாம் கவனியுங்கள். லாரியின் வில்பட்டையில் அடிக்கச் சொல்லுங்கள். வில்லாக வளைந்து நிமிர்ந்து பழகிய இரும்பு, சட்டென்று உடையாது. ஆனால் சாலையில் ஓடி ஓய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம், அதனால் எடுக்கிற துண்டை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அடித்து முடித்ததும் பதம் பார்க்க வேண்டும். பழைய அரம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் வெட்டுவாயில் இழுங்கள். அரம் பிடித்துக் கடித்தால் இரும்பு மெது. கண்ணாடியில் இழுத்தது போல் வழுக்கினால் கடினம். ஒரேயடியாக வழுக்கினால் கீழே விழும்போது நுனி தெறிக்கும், அதனால் கொஞ்சமாய் வழுக்கி, கொஞ்சமாய்ப் பிடிக்க வேண்டும். முதுகு மெதுவாக இருக்கட்டும். பிடிக்குப் பிளாஸ்டிக் வேண்டாம், வேம்போ பூவரசோ போடச் சொல்லுங்கள், ஆணி தலை தட்டி உள்ளே போயிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், இல்லையென்றால் கை கொப்புளிக்கும். அலகு உள்ளங்கை அகலத்தைத் தாண்ட வேண்டாம். வெட்டுகிற வேலைக்குத் தனியாக ஓர் அரிவாள் வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கத்தியை வைத்து மரம் பிளக்கிற வித்தையெல்லாம் கோடரி தூக்க மனமில்லாதவர்களுக்கு. 2021-இல் போலீஸ் கெடுபிடி வந்த பிறகு பட்டறைகளில் பெயர், முகவரி, போன் நம்பர் கேட்கிறார்கள். கோபப்படாமல் எழுதிக் கொடுங்கள்.

அப்பத்தா பேத்தி, தேவகோட்டை

அரம் வழுக்குவதை எழுதினீர்களே, அதைக் கண்ணால் பார்த்தவள் நான். என்ன, தலைகீழாக.

அண்ணன் மோராவில் ஸ்டெயின்லெஸ் இல்லாத, கார்பன் எஃகு அலகு வாங்கி வைத்திருந்தான். அவன் இல்லாத நேரத்தில் தெருவில் சாணைக்காரர் குரல் கேட்டிருக்கிறது. அப்பத்தா அரிவாள்மனையோடு சேர்த்து அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சைக்கிள் சக்கரத்திலிருந்து பொறி என்னமாய்ப் பறந்தது தெரியுமா! அப்பத்தாவுக்கு ரொம்பத் திருப்தி, பத்து ரூபாய் சேர்த்துக் கொடுத்தார். கத்தி திரும்பி வந்தபோது நுனியில் இரண்டு விரற்கடைக்கு நீலம். மயில் கழுத்து நிறம். எனக்கு அழகாக இருந்தது, அண்ணன் வந்து பார்த்ததும் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

நீலம் வந்தால் அந்த இடம் ஏறக்குறைய 300 டிகிரி சூடு கண்டிருக்கிறது என்று பொருளாம். கத்தி செய்கிறவர்கள் 200 டிகிரி வாக்கில்தான் பதம் வைத்து நிறுத்துகிறார்கள். அதைத் தாண்டிச் சூடேறினால் கடினம் போய்விடும், ஆறவைத்தாலும் திரும்பாது. பொங்கலுக்குப் பனங்கிழங்கு உரிக்கையில் நாரிலேயே விளிம்பு மடங்கியது. பின்பாதி அலகு மட்டும் இன்னும் கூராக இருக்கிறது. அண்ணன் அதை வைத்துத்தான் பென்சில் சீவுகிறான்.

அப்பத்தாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

செக்போஸ்ட், திருப்பத்தூர்

பைக்கில் பிரான்மலைக்குப் போகும்போது வாகனச் சோதனை. கத்தி பெல்ட்டில் தொங்கியது. காவலர் உருவிப் பார்த்தார், விலை கேட்டார், "எங்க வாங்குனீங்க?" என்றார். நான் வியர்த்து நின்றேன். அவர் ஆன்லைன் முகவரியைக் குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டார். அவ்வளவுதான்.

ஆனால் இங்கே யாரும் சட்டம் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைக் கூரிய ஆயுதக் கணக்கில் சேர்க்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்தவை விலக்கு. அரிவாள்மனைக்கு யாரும் லைசென்ஸ் கேட்காதது அதனால்தான். மோரா கம்பேனியன் அலகு பத்து சென்டிமீட்டர் சொச்சம், அதாவது நாலு அங்குலம், அளவுக்கு உள்ளேதான். அதற்காக இடுப்பில் தொங்கவிட்டுப் பஸ் ஸ்டாண்டில் திரியாதீர்கள். அளவு சரியாக இருப்பது ஒரு விஷயம், பார்க்கிறவர் பதறுவது இன்னொரு விஷயம். பைக்குள் அடியில், உறையோடு, துணி சுற்றி வையுங்கள். திருவிழா, தேர்தல், ஊர்ப் பதற்றம் உள்ள நாட்களில் வீட்டிலேயே இருக்கட்டும். காப்புக்காடு என்றால் கத்தி ஒருபுறம் இருக்கட்டும், நீங்கள் நுழைவதற்கே அனுமதி வேண்டும். வேட்டங்குடிப் பக்கம் பறவைகள் சரணாலயத்தில் குச்சி ஒடிக்க நினைக்கவே வேண்டாம், பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர்க்காரர்கள் அவர்கள். விமானத்தில் கைப்பையில் கத்தி கூடாது, சரக்குப் பெட்டியில்தான். இன்னும் ஒன்று...

கண்மாய்க்கரையான், கானாடுகாத்தான்

செக்போஸ்ட் அண்ணே, போதும். மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள்.

உலைக்களம் சொன்ன சரிவு விஷயம் நியாயம்தான், கருவேலங்கணுவில் எனக்கும் விளிம்பு உடைந்தது. ஆனால் அந்தத் தட்டைச் சரிவில் ஒரு சௌகரியம் உண்டு. சரிவை அப்படியே கல்லில் படுக்கவைத்துத் தேய்த்தால் போதும், கோணம் பார்க்கத் தெரியாதவனும் தீட்டிவிடலாம். புதிதாக வருகிறவனுக்கு அது பெரிய உதவி. கடைசியாகக் கோணத்தைக் கொஞ்சம் உயர்த்தி ஒன்றிரண்டு இழுப்பு இழுத்தால் கருவேலமும் தாங்குகிறது.

சிக்ரிக்கு எதிர்வீடு, காரைக்குடி

துருவை ஆராய்கிற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) 1953-இலிருந்து நம் ஊரில் இருக்கிறது, துருவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. கார்பன் அலகைத் தோல் உறையில் போட்டு ஐப்பசி மழையில் விட்டுவைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு விடவே விடாது. என் மாமா வைத்திருந்ததை உறையைக் கிழித்துத்தான் வெளியே எடுத்தோம். நல்லெண்ணெய் தடவினால் நாளாவட்டத்தில் பிசுக்குப் பிடிக்கும், தேங்காய் எண்ணெய் மேல். புதுக் கத்தியால் மாங்காய் நறுக்குங்கள், புளிப்புப் பட்டு அலகு கறுக்கும், அந்தக் கறுப்பு துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும்.

பழைய சாமான், காரைக்குடி

பழைய சாமான் கடைகள் இருக்கிற முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்தது. சுவீடன் எனாமல் தூக்குச்சட்டி ஒன்று பேரம் முடிந்து, கடைக்காரர் சணல் போட்டுக் கட்டினார். கட்டிவிட்டு மடியிலிருந்து ஒரு பேனாக்கத்தியை எடுத்தார். யானைத்தந்தம் மாதிரி மஞ்சளேறிய பிடி, அலகில் பாதி அழிந்த, இங்கிலாந்து ஷெஃபீல்டு முத்திரை. தீட்டித் தீட்டி அகலத்தில் பாதிகூட மிச்சமில்லை, அப்படியே கன்னங்கரேல். சணலில் வைத்தார், அழுத்தினதாகவே தெரியவில்லை, சணல் இரண்டாகிவிட்டது.

"இது என்ன விலை?" என்றேன். கண்ணாடி அலமாரியைக் காட்டி, அங்கே பத்து இருக்கிறது, எடுத்துக்கோங்க என்றார். அங்கே இருந்தவை பளபளப்பானவை, எவர் கையும் படாதவை. இதுதான் வேண்டும் என்றேன். "இது சாமான் இல்ல தம்பி, இது எங்கிட்ட இருக்குற கத்தி" என்றார். அப்புறமும் போகும்போதெல்லாம் கேட்டுப் பார்க்கிறேன். விலை சொல்ல மாட்டேன் என்கிறார். என் வீட்டில் ஓபினெல், மோரா இரண்டும் இருக்கின்றன, சணல் வெட்டும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

நுங்கு சீசன், கோட்டையூர்

ஓபினெல் பெயர் வந்ததால். பிரெஞ்சு மடக்குக்கத்தி, எண் 8, மரப்பிடி. கோடைமழையில் நனைந்து மரம் ஊதிவிட்டது, அலகைத் திறக்க நகம் பிய்ந்தது. ரோட்டோரம் நுங்கு வண்டியில் நின்று போராடிக்கொண்டிருந்தேன். நுங்குக்காரர் பாளை அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என் கத்தியைக் கையில் வாங்கினார். இரண்டு தரம் உருட்டிப் பார்த்தார். பிடியின் பின்முனையை வண்டிச் சட்டத்தில் 'டக்' என்று ஒரு தட்டு. அலகு முன்னே எட்டிப் பார்த்தது. பிரான்சின் சவோய் மலைக்காரர்கள் காலங்காலமாக இப்படித்தான் தட்டித் திறக்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்து படித்தேன். இவர் எங்கே கற்றார்?

"மடக்கி விரிக்கிற நேரத்துல நாலு நுங்கு சீவிரலாமே" என்றார். நான் பதில் யோசிப்பதற்குள் அடுத்த ஆளுக்குச் சீவ ஆரம்பித்துவிட்டார். இன்றைக்கும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பள்ளத்தூரான்

எண் 8-இல் அலகு எவ்வளவு நீளம்?

நுங்கு சீசன், கோட்டையூர்

எட்டரை சென்டிமீட்டர். செக்போஸ்ட் அண்ணன் வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், 9 அங்குலத்துக்குள்தான்.