புன்மையத்தி இல்லாத தாவரக் கலத்தில் நுண்புன்குழாய்களை ஒழுங்குபடுத்துவது எது?

ஹட்டன் உயர்தர மாணவி:
அனைவருக்கும் வணக்கம். விலங்குக் கலத்தில் நுண்புன்குழாய்கள் (கலத்தினுள் உள்ள நுண்ணிய புரதக் குழாய்கள்) புன்மையத்திகள் என்னும் சிறு உருளை வடிவ அமைப்புகளைச் சூழ்ந்த பகுதியிலிருந்து விரிகின்றன என்று படித்தோம். உயர் தாவரங்களில் புன்மையத்தி இல்லை. ஆயினும் நீளும் கலத்தின் முதலுருமென்சவ்வுக்குக் கீழே அவை குறுக்குவாட்டில் வரிசையாக நிற்கின்றன. இந்த வரிசை எவ்வாறு உருவாகிறது? எங்கள் குறிப்பு "புரதங்கள் பிணைக்கின்றன" என்பதோடு நின்றுவிடுகிறது.

பேராதனை வாசகர்:
தோற்றுவாய் இல்லாமலில்லை தங்கச்சி, அது ஓரிடத்தில் குவிந்திருக்கவில்லை. குழாய்களைத் தொடக்கிவைக்கும் காமா-தியூபியூலின் வளையத் தொகுதி என்னும் புரதக் கூட்டம் ஏற்கெனவே உள்ள குழாயின் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள, அங்கிருந்து புதிய குழாய் ஏறத்தாழ 40 பாகைக் கோணத்தில் கிளைக்கிறது, அல்லது பழையதை ஒட்டியே வளர்கிறது. கிளையின் அடியைக் கட்டனின் என்னும் நொதி வெட்டி விடுவிக்கிறது.

அதன்பின் நடப்பதே முக்கியம். வளரும் முனை இன்னொரு குழாயைச் சிறு கோணத்தில் சந்தித்தால் வளைந்து அதனுடன் சேர்ந்து ஓடும். பெருங்கோணத்தில் மோதினால் சிதைந்து சுருங்கும், அல்லது மேலால் கடந்து செல்லும். அவ்வாறு கடந்த இடத்தையும் கட்டனின் வெட்டுவதால், திசை மாறியவை படிப்படியாகக் களையப்படுகின்றன. கட்டனின் குறைந்த செடிகளில் இக்களைவு சரிவர நடவாமல் வரிசை குலைவதால்தான் கலங்கள் நீளாமல் பருத்துப்போகின்றன.

சேர்ந்தோடுபவற்றைப் பிணைப்பது மேப்65 என்னும் புரதக் குடும்பம். 1993 இல் புகையிலைக் கலங்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இப்புரதத்தின் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து, அருகருகான இரு குழாய்களையும் பற்றியவாறு, 25 முதல் 30 நனோமீற்றர் இடைவெளியில் ஏணிப்படிகள் போல நிற்கின்றன. எதிரெதிர்த் திசையில் வளரும் குழாய்களையே அவை பெரிதும் நாடுகின்றன.

பதுளை ஆசிரியர்:
மோர்1 புரதத்தையும் சேர்க்க வேண்டும். அது பிணைப்பதன்று, முனைகளின் வளர்ச்சியை விரைவுபடுத்துவது. அதில் விகாரமுற்ற அராபிடோப்சிஸ் (ஆய்வுகளில் பெரிதும் பயன்படும் சிறு செடி) 21 பாகை செல்சியசில் இயல்பாகவே வளரும். 29 பாகையில் குழாய்கள் குட்டையாகி வரிசை குலைந்துவிடும். குளிரான நுவரெலியாவில் நட்டிருந்தால் அக்குறை எவர் கண்ணிலும் பட்டிராது!

ஹட்டன் உயர்தர மாணவி:
மிக்க நன்றி. மேப்65 எப்போதும் பற்றிக்கொண்டே இருந்தால், இழையுருப்பிரிவின்போது கதிர் (நிறமூர்த்தங்களைப் பிரித்திழுக்கும் குழாய்த் தொகுதி) இயங்குவது எப்படி, சேர்?

பேராதனை வாசகர்:
எப்போதும் பற்றுவதில்லை. நிறமூர்த்தங்கள் கலத்தின் நடுவே வரிசைப்படும் அனுவவத்தையில், கைனேசு நொதிகள் அக்குடும்பத்தைச் சேர்ந்த மேப்65-1 மீது பொசுபேற்றுக் கூட்டங்களை ஏற்றுவதால் அதன் பிடி தளர்கிறது. நிறமூர்த்தங்கள் முனைவுகளை நோக்கிப் பிரியும் மேன்முகவவத்தையில் அக்கூட்டங்கள் அகற்றப்பட்டதும், கதிரின் நடுப்பகுதியில் எதிரெதிர்க் குழாய்கள் மேற்படியும் இடத்தில் மீண்டும் பற்றுகிறது. இரு மகட்கலங்களையும் பிரிக்கும் கலத்தட்டு உருவாவதும் அந்த இடத்தில்தான். அங்கே தொழிற்படும், அதே குடும்பத்து மேப்65-3 பழுதுற்ற செடிகளின் வேரில், தட்டு முழுமையடையாமல், ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் ஒரே கலத்தில் தங்கிவிடுகின்றன.